ஜோடி மாற்றி வாசித்த ஒரு வாரம்

பயிற்சி முகாமில் எங்கள் இருவரையும் சேர்ந்து வாசிக்க விடமாட்டார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் என் கணவர் வந்திருக்கவே மாட்டார்.

அவர் துறைமுகத்தில் கிரேன் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பதும் அவர்தான். நான் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஏற்றுமதிப் பத்திரங்கள் பார்க்கிறவள். கன்னியர் பள்ளிக்கூடத்து பேண்டில் கற்றுக்கொண்ட கிளாரினெட்டைக் கல்யாணத்தோடு பெட்டியில் மூடிவைத்து, மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகுதான் மறுபடி திறந்தேன். மில்லர்புரத்து வீட்டின் முன்னறையை அடைத்துக்கொண்டு அவருடைய பியானோ நிற்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் சேர்ந்து வாசிப்போம். அவர் தலையை ஆட்டினால் நான் தொடங்குவேன். அவர் வேகம் கூட்டினால் நானும் பின்னாலேயே ஓடுவேன். கோயிலில் பாடகர் குழு முழுக்க அவர் போகிற வழியில் போய்ப் பழகியிருந்தது. நானும் அந்தக் குழுவில் ஒருத்தி மாதிரிதான்.

ஊருக்கு வடக்கே கடலோரத் தியான இல்லம் ஒன்றில் கிளாரினெட்டும் பியானோவும் சேர்ந்து வாசிப்பதற்கென்றே ஒரு வாரம் தங்கிப் படிக்கும் முகாம் நடக்கிறது என்று போனில் பார்த்துச் சொன்னதும் அவர்தான். இருவரும் லீவு போட்டோம். போன பிறகுதான் தெரிந்தது, ஆண்களுக்கு ஒரு கட்டிடம், பெண்களுக்கு ஒரு கட்டிடம். வாசலில் என் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, ஹாஸ்டலில் சேர்க்கப்பட்ட பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவர் எதிர்ப்பக்கம் நடந்தார்.

சென்னையிலிருந்து வந்திருந்த டீச்சர் எங்கள் எல்லோரையும்விட இளையவர். முதல் நாள் காலையில் ஒவ்வொரு ஜோடியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நாங்கள் வாசித்து முடித்ததும், கணவர் வாசித்ததில் எந்த இடம் பிடித்தது என்று என்னிடம் கேட்டார். எல்லா இடமும் என்று சமாளித்தேன். கணவரின் தலையைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பியானோவை நான் கேட்கவே இல்லை. டீச்சர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார். மத்தியானம் ஜோடிகள் மாறியிருந்தன.

கணவருக்கு நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவி. எனக்குக் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர். அறுபது வயதிருக்கும், தூய வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். எல்லோரும் அவரைக் காக்கா என்றார்கள். அவர்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். பல வருஷம் துபாயில் ஒரு கடையின் மேலாளராக இருந்தவர். பக்கத்து ஃபிளாட்டில் ஒரு அம்மாள் பிள்ளைகளுக்கு பியானோ சொல்லிக்கொடுப்பதைச் சுவர் வழியாகக் கேட்டுக்கேட்டு ஆசை வந்து, ஒரு நாள் கதவைத் தட்டி, தானும் படிக்கலாமா என்று கேட்டாராம். அதற்கப்புறம் ஆறு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து தன் முறை வரும்வரை காத்திருப்பாராம். வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றார்.

டீச்சர் எங்களுக்குக் கொடுத்தது மெதுவாகப் போகும் ஒரு பகுதி. பியானோவும் கிளாரினெட்டும் ஒரே நொடியில், மிக மெல்லிசாகத் தொடங்க வேண்டும். பழக்கத்தில் நான் காக்காவின் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காக்காவின் கண் தாளைவிட்டு எழவே இல்லை. அவரும் காத்திருந்தார்.

"தங்கச்சி, நான் தலையத் தூக்குனா வரி தப்பிரும். நீங்கதான் தொடங்கணும். நீங்க மூச்சு எடுக்குதது எனக்குக் கேட்டாப் போதும், நான் வந்துருவேன்" என்றார்.

மூச்சு எடுப்பதைக் கேட்கும்படி எடுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பேண்டில் முன்னால் நிற்கும் டிரம் மேஜர் கோலை ஆட்டுவார், வீட்டில் கணவர் தலையை ஆட்டுவார். எந்த வேகத்தில் தொடங்கப் போகிறேனோ அந்த வேகத்திலேயே மூச்சையும் எடுக்க வேண்டும் என்று டீச்சர் விளக்கினார். மூச்சு அவசரமாக இருந்தால் காக்காவும் அவசரமாக வந்தார். தயங்கினால் தயங்கினார். என்னுடைய ஒவ்வொரு குறையும் அவர் விரலில் எனக்கே திரும்பக் கேட்டது. முதல் இரண்டு நாள் வெட்கமாக இருந்தது. பிறகு அதுவே பிடித்துப்போனது. அவர் தொழுகைக்குப் போய்வரும் இடைவேளைகளில் நான் சும்மா மூச்சை மட்டும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வெயிலுக்குக் கிளாரினெட்டின் சுருதி ஏறிக்கொண்டே போகும். தியான இல்லத்துப் பழைய பியானோவோ கொஞ்சம் இறங்கியே நின்றது. ஊதும் முனைக்குக் கீழே இருக்கிற சின்ன உருளைத் துண்டைக் கொஞ்சம் வெளியே இழுத்துத்தான் அதோடு சேர வேண்டியிருந்தது. அதையும் காக்காதான் காது கொடுத்துக் கேட்டு, "இன்னும் ஒரு நூல்" என்பார்.

ஒரு நாள் சாயங்காலம் வராந்தாவில் நின்று, ஊதும் முனையில் பொருத்துகிற ரீடை வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையிலிருந்து பியானோ கேட்டது. யாரையோ எழுப்பிவிடாமல் கதவைச் சாத்துகிற மாதிரி அவ்வளவு பதமான வாசிப்பு. டீச்சர்தான் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். என் கணவர். அந்தப் பெண்ணின் கிளாரினெட்டுக்கு அடியில் ஒரு விரிப்பு மாதிரி அவர் வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. இப்படி வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஏன் வாசிக்கவில்லை?

அன்று கடற்கரையில் நடக்கும்போது கேட்டேவிட்டேன்.

"அந்தப் பிள்ளைக்குச் சத்தம் சின்னது. நான் ஓங்கி வாசிச்சா அது முங்கிப்போயிரும்லா" என்றார்.

"நான் மட்டும் முங்கலையா?"

தூரத்தில் துறைமுகத்து விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. வழக்கமாக அங்கே எந்தக் கிரேன் ஓடுகிறது, எது நிற்கிறது என்று சொல்லிக்கொண்டு வருவார். அன்று அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ சொல்லவே இல்லையேளா" என்றார்.

"எனக்கே இங்கன வந்த பெறவுதான் தெரிஞ்சுது" என்றேன். அது உண்மை. அதற்குமேல் நாங்கள் அதைப் பேசவில்லை. திரும்பும்போது அந்தப் பெண் எவ்வளவு நன்றாக வாசிக்கிறாள் என்று அவரும், காக்காவின் காது எப்படிப்பட்டது என்று நானும், ஒருவரை ஒருவர் பேச விடாமல் சொல்லிக்கொண்டே வந்தோம்.

கடைசி நாள் மத்தியானம் எல்லோரும் மேடையேறி வாசிக்க வேண்டும். விசிறி ஓடினால் தாள் பறக்கிறது என்று விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். காக்காவுக்குப் பக்கம் புரட்ட ஒருவர் வேண்டும் என்றதும் என் கணவர் தானே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மூச்செடுத்தேன். காக்கா சரியாக வந்து சேர்ந்தார். பாதிவரை எல்லாம் நன்றாகப் போயிற்று.

கடல்காற்றின் ஈரத்தில் தாள்கள் ஒட்டியிருந்தன. கணவர் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். காக்காவின் வலது கை நின்றது. இடது கை மட்டும் கடைசியாக வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது. நான் அப்போது ஒரு நீண்ட சுரத்தில் இருந்தேன். விட்டால் எல்லாம் அறுந்துவிடும். அதை விடாமல் பிடித்தேன். எழுதியிருந்த அளவு தாண்டியது, நெஞ்சு காந்தியது, இன்னும் பிடித்தேன். கணவர் தாளைப் பிரித்துச் சரியான பக்கத்தை வைப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. சுரத்தை முடித்து, அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு மூச்செடுத்தேன். காக்கா அடுத்த வரியில் என்னோடு இறங்கினார். அங்கிருந்து முடிவுவரை நான் பயப்படவே இல்லை.

கைதட்டல் அடங்கியதும் டீச்சர் பக்கத்தில் வந்து, அந்தச் சுரம் எழுதியிருந்ததைவிட நீளம் என்றும், தனக்கு அப்படித்தான் பிடித்திருந்தது என்றும் சொன்னார். கணவர் காக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டம்மா இருக்கையில எனக்கென்ன பயம்" என்றார் காக்கா.

சாப்பாட்டு வரிசையில் கணவர் என் காதருகே குனிந்தார். "பாட்டக் கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். பக்கத்த மறந்துட்டேன்." அவர் முகம் சிவந்திருந்தது.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு காக்கா மனைவியோடு பஸ் ஏறி மில்லர்புரத்துக்கு வருகிறார். அந்த அக்கா டிபன் பாக்ஸில் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டிலாப்பம் கொண்டுவருவார். பாட்டு தனக்குப் பிடிபடாது என்று சொல்லிக்கொண்டே, நாங்கள் தப்பு செய்த இடத்தில் மட்டும் சரியாக நிமிர்ந்து பார்ப்பார். பியானோ முன்னால் இரண்டு ஆண்களும் முறை வைத்துக்கொள்கிறார்கள். ஊதுவதற்கு நான் ஒருத்திதான் என்பதால் எனக்கு மட்டும் ஓய்வில்லை. இப்போது வாசிக்க எடுத்திருப்பது வேகமாக ஓடுகிற ஒரு துண்டு. மூன்று பேருக்கும் இன்னும் வசப்படவில்லை. பாதியில் சிக்கிக்கொண்டு சிரித்துவிடுகிறோம். காப்பி ஆறிப்போகிறது. அக்கா எழுந்து போய்ச் சுடவைத்துக்கொண்டு வருகிறார்.