கையில் தராத கத்தி

போடியில் கடைக்காரர் இரண்டு மடக்குக் கத்திகளைக் காட்டினார். ஒன்று சிவப்புப் பிடி. மற்றது குறடு வைத்தது. சிவப்பை மடக்கியபோது எழுந்த ‘டக்’ சத்தத்தில் குரங்கணி ஏலக்காய்த் தோட்டத்துக்கே நினைவில் போய்விட்டேன்.

அங்கே வேலை பார்த்த நாளில் அப்பாவிடம் சிவப்பு, மாமாவிடம் குறடு. எது உசத்தி என்று தூக்குச்சட்டிச் சோறு ஆறும்வரை வாதாடுவார்கள்.

“உன்னுது வெறும் தகரம் மாப்ளே” என்பார் அப்பா.

“வெட்டிப் பாருங்க மச்சான்” என்று மாமா தன் கத்தியைத் தரையில் வைப்பார். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வருமாம். அதுவரை நடந்தது என்னவாம்?

இப்போது அப்பா இல்லை. கூட வந்திருந்த மாமாவிடம், “எது வாங்கலாம்?” என்றேன்.

“செவப்ப எடு. உங்கப்பா சொன்னதுதான் சரி.”

அவர் பார்க்கட்டும் என்று, பழக்கத்தில் அதை மேசைமேல் வைத்தேன். மாமா கையை நீட்டினார்.

“கையிலயே குடு. இனி யாருகூடச் சண்டை?”