அருங்காட்சியகமான லாக்கப்

எங்கள் ஊர்ப் பழைய காவல் நிலையத்தை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மகளை அழைத்துப் போனேன். லாக்கப் வாசலில் பினாயில் வாடை அடித்ததும் என் கால்கள் நின்றுவிட்டன.

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஒரு கட்டுமான இடத்தில் வாட்ச்மேனாக இருந்த அப்பாவை, செம்புக் கம்பி காணாமல் போனதென்று இங்கே கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். நானும் அம்மாவும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். தூக்கில் சோறு ஆறிக்கொண்டிருக்கும், ஜல்லி லாரிகள் எங்கள் மேல் புழுதியை வாரிப் போட்டபடி போகும், உள்ளே வயர்லெஸ் இரைந்துகொண்டேயிருக்கும், அந்த இரைச்சலுக்கு நடுவே அப்பாவின் அலறல் கேட்கும்போதெல்லாம் அம்மா என் காதுகளைப் பொத்துவாள், பிறகு யாராவது பினாயில் வாளியோடு உள்ளே போவார்கள்.

"இன்னும் விசாரிச்சிகினு கீறாங்கம்மா, வூட்டுக்குப் போ," என்பார் வாசலில் நிற்கும் காவலர். அம்மா நகர மாட்டாள்.

கம்பி கிடங்கிலேயே கிடைத்தது. அப்பாவை அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு, நான் பள்ளிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் சட்டென்று எழுந்து சுவரோரம் கைகட்டி நிற்பார்.

"நான்தாம்ப்பா, உக்காரு," என்பேன்.

நான் தரையில் உட்கார்ந்த பிறகுதான் அவரும் உட்காருவார். சாகிறவரைக்கும் அப்படித்தான்.