ஜூன் மாதத்தில் வெட்டிய புல்

மெல்பேர்னுக்குக் கிழக்கே, மலையடியில் உள்ள ஒரு நாற்றுப்பண்ணையில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். உறைபனி தாங்கும் அலங்காரப் புற்கள்தான் அங்கே அதிகம். ஆள் உயரத்துக்கு வளர்ந்து வெள்ளிநிறக் கதிர் விடும் ஒரு வகையைத்தான் எல்லோரும் தேடி வருவார்கள். இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வரும் குளிர்காலத்தில் அது முழுக்கக் காய்ந்து வைக்கோல் போலாகிவிடும். செத்துவிட்டது என்று சிலர் திருப்பிக் கொண்டுவருவதும் உண்டு. சாகவில்லை. மழைத் தண்ணீரும் பனியும் தூருக்குள் இறங்காமல் அந்தக் காய்ந்த தாள்தான் காக்கிறது. ஆகஸ்ட் கடைசியில், புதுக் குருத்து வரும் முன்னர், ஒரு சாண் விட்டு வெட்டவேண்டும். பிறகு தூரைக் கிண்டி, மரம் அரியும் வாளால் அறுத்துப் பிரித்துச் சாடிகளில் வைப்போம்.

நான் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் படகில் வந்தவன். புறப்படும்போது மகளுக்கு ஒரு வயது. அவளும் மனைவியும் கிளிநொச்சியில் இருந்தார்கள். எனக்குத் தந்தது பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதி. வேலை செய்யலாம், ஆனால் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வரமுடியாது.

மூன்று வருடத்துக்கு முன்னர், ஜூன் மாதத்தில், சாடிகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தபோது மனைவியின் தம்பி போன் எடுத்தான்.

"அத்தான், அக்காவைக் காய்ச்சல் எண்டு ஆசுபத்திரியில விட்டனாங்கள். டெங்கு எண்டவை. அக்கா மோசம் போட்டா, அத்தான்."

"பிள்ளை எங்க?" என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த நாளும் வேலைக்குப் போனேன். பண்ணை நடத்துபவர் அறுபது வயது வெள்ளைக்காரப் பெண். வீட்டுக்குப் போகும்படி சொன்னார். வீடு என்று எனக்கு டாண்டினோங்கில் ஓர் அறைதான் இருந்தது. இங்கேயே நிற்கிறேன் என்றேன்.

மத்தியானத்துக்குப் பிறகு, கொட்டகையில் உரப்பை ஒன்றின் மேல் இருந்து செத்தவீட்டை வீடியோவில் பார்த்தேன். போனைப் பிடித்திருந்தவர் நடந்துகொண்டே இருந்தார். மனைவியின் கால்கள் தெரிந்தன. மகளை யாரோ கைபிடித்து வாய்க்கரிசி போட வைத்தார்கள்.

"புருசன் வரேல்லையோ?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

"அவர் அவுஸ்திரேலியாவில எல்லோ."

பெட்டியைத் தூக்கும் நேரம் படம் நின்றுபோனது. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

எழுந்து போய் வெட்டும் மெஷினை எடுத்தேன். பண்ணையின் பின்பக்கம் தாய்ச்செடிகள் ஒரு நீண்ட வரிசையாக நின்றன. நாங்கள் விற்ற கன்றுகள் எல்லாம் அவற்றிலிருந்து பிரித்தவைதான். முதல் செடியிலிருந்து கடைசிச் செடிவரை வெட்டினேன். ஒரு சாண் விடவில்லை, மண்ணோடு மண்ணாக வெட்டினேன். தாளின் ஓரம் கிழித்து மணிக்கட்டில் இரத்தம் வடிந்தது. அது வெட்டும் காலம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். வெட்டும்போதும் தெரியும்.

மெஷின் சத்தம் கேட்டுப் பண்ணை நடத்துபவர் வந்தார்.

"இது ஜூன் மாதம்" என்றார்.

"தெரியும்" என்றேன்.

அவர் வாரியை எடுத்துவந்து வெட்டிய தாளைக் கூட்டத் தொடங்கினார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மழை. இடையிடையே உறைபனியும் விழுந்தது. செப்டெம்பரில் விரலால் அழுத்திப் பார்த்தபோது தூர்கள் கொழகொழவென்று உள்ளே போயின. நாற்றம் அடித்தது. முக்கால்வாசி செத்துவிட்டன.

"என்னுடைய பிழை" என்றேன்.

"ஆமாம், உன்னுடைய பிழைதான்" என்றார். அவர் என்னைத் தேற்றாதது எனக்கு ஆறுதலாக இருந்தது. செத்தவற்றை இருவருமாகக் கிண்டி எடுத்தோம். மிஞ்சியவை தேறுவதற்காக இரண்டு வருடம் அவற்றைப் பிரிக்காமல் விட்டோம்.

மனைவியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகுதான் மகள் என்னோடு கதைத்தாள்.

"அப்பா, அம்மாவைத் தூக்கேக்க நான் கத்தினது உங்களுக்குக் கேட்டதோ?"

"இல்லையம்மா. லைன் அறுந்திட்டுது."

"ஓம்" என்று சொல்லிவிட்டுப் போனை மாமனிடம் கொடுத்தாள்.

என் விசா இன்னும் அதேதான். அவள் மாமன் வீட்டில் வளர்கிறாள். நான் எடுத்தால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். அவள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்டதைப் போன மாதம் மைத்துனனின் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். படங்கள் அனுப்பியிருந்தார்கள். சேலை கட்டி நிற்கிறாள். பக்கத்தில் நிற்பவர்களில் பாதிப்பேரை எனக்குத் தெரியாது.