தண்ணீர் நிற்கும் மனை

செம்பாக்கத்தில் குமரேசன் மனை புரோக்கர். ஏரிக்கு இந்தப் பக்கம் இருந்த வயல்கள் நகர்களாக மாறியதில் அவருக்குக் கணிசமான பங்கு உண்டு. பங்காளிகளின் நிலங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் அவர். சில நகர்களுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. அப்படிப்பட்டவர் ஆவணி பிறந்தால் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு நெல் விதைக்கப் போவார்.

அது அவருடைய சொந்த நிலத்தில் மிஞ்சிய இரண்டு கிரவுண்டு. ஆசையாக வைத்துக்கொண்டதல்ல, விலை போகாமல் மிஞ்சியது. இடம் பள்ளம். மனைக்குக் குறையாக இருப்பது நெல்லுக்கு நிறையாக இருந்துவிடுகிறது. சித்திரையில் வாங்க வருகிறவர்களிடம், "சொட்டுத் தண்ணி நிக்காது சார்" என்பார். ஐப்பசியில் அதே இடத்தில் முட்டியளவுத் தண்ணீரைப் பார்த்து மகிழ்வார். இரண்டையும் மனப்பூர்வமாகவே செய்தார்.

இதில் ஊருக்கும் அக்கறை உண்டு. பெரும்பொங்கல் பானையில் சொந்த ஊர் மண்ணில் விளைந்த புது அரிசி ஒரு பிடியாவது விழவேண்டும் என்பது அங்குள்ள பழைய குடும்பங்களின் வழக்கம். மிச்ச அரிசி சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வரலாம். பானை குக்கராகக்கூட இருக்கலாம். அந்த ஒரு பிடியில் மட்டும் சமரசம் கிடையாது. ஆகவே நிலத்தை விற்று காம்ப்ளக்ஸ் கட்டிய பங்காளிகள் எல்லாம் போகியன்று டிபன் பாக்ஸோடு குமரேசன் வீட்டு வாசலில் நிற்பார்கள்.

ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கும் சம்பந்தம் ஆண்டு முழுக்க, "அந்தப் பள்ளத்த தள்ளிவுட்டு பொழைக்கிற வழியப் பாரு மச்சான்" என்பார். மார்கழி வந்ததும் குரல் மாறிவிடும். "இன்னா மச்சான், கதிரு முத்திச்சா?"

குமரேசனின் மனைவி கோகிலவாணிக்குக் கதிரைவிட மாடிதான் முக்கியம். மனை விற்றால் வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் கட்டலாம். கல்யாணமான மகள் பக்கத்திலேயே வந்திருப்பாள்.

சென்ற மார்கழியில் நல்ல கிராக்கி ஒன்று வந்தது. லக்ஷ்மிநாராயணன், வங்கியில் ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ரமா. கோகிலவாணி பிளாஸ்கில் காப்பியோடு மனைக்கே வந்துவிட்டாள். அறுவடை நெருங்கியதால் தண்ணீரை வடித்திருந்தார்கள். தரை காய்ந்திருந்தது, கதிர்கள் பாதி பழுத்து, பாதி பச்சையாகத் தலை சாய்ந்திருந்தன.

"இடம் பிடிச்சிருக்கு. தை பொறந்ததும் பூமி பூஜை. அதுக்கு முன்னாடி இதையெல்லாம் எடுத்துட்டு மண் அடிச்சு லெவல் பண்ணிடணும்" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

"பொங்கல் போவட்டுமே சார்" என்றார் குமரேசன்.

"ஜோசியர் நாள் குறிச்சாச்சு. மண் அடிக்க மார்கழியில தோஷம் இல்லையாம். நாளைக்கே ஜேசிபி சொல்லிடறேன்."

கோகிலவாணி காப்பியில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போட்டாள்.

அப்போது லக்ஷ்மிநாராயணன் போகிறபோக்கில் கேட்டார்: "நெல்லுக்கு மோட்டார் தண்ணிதானே பாய்ச்சறேள்?"

ஆமாம் என்றால் போதும். மூலையில் மோட்டார் கொட்டகைகூடச் சாட்சிக்கு இருந்தது. இருபது வருடத் தொழிலில் இவ்வளவு சுலபமான பொய் குமரேசனுக்கு வாய்த்ததில்லை. கதிரைப் பார்த்தார். இன்னும் ஒரு வாரம் விட்டால் முற்றிவிடும்.

"மோட்டாரு இன்னா சார் மோட்டாரு, அது ஓடியே வருசமாச்சு. எல்லாம் மழத் தண்ணி. ஐப்பசில முட்டி வரிக்கும் நிக்கும். ஏரி ரொம்பிச்சின்னா இடுப்பு."

"இன்னா பேசிகினு கீற நீ?" என்றாள் கோகிலவாணி.

"கீறதத்தான் சொல்றேன்."

லக்ஷ்மிநாராயணன் காப்பியை முழுக்கக் குடித்து முடித்தார். "எத்தனையோ புரோக்கர் பார்த்தாச்சு. யார் காட்டின இடத்திலயும் தண்ணி நின்னதே இல்லை. இது வேண்டாம். மேடா வேற இடம் நீங்களே காட்டுங்கோ." ரமா மட்டும் கதிர் ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இந்த அரிசி எங்களுக்கும் கொஞ்சம் கிடைக்குமா?"

வீடு திரும்பும் வழியெல்லாம் பைக்கின் பின்சீட்டில் அர்ச்சனை நடந்தது. "பொய் சொல்லி சொல்லி ஊரையே வித்த. சொந்த மனைன்னதும் ஐயா அரிச்சந்திரன் ஆயிட்டாரு!" வீட்டுக்குள் வந்த பிறகும் குமரேசன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு அறுத்தார்கள். அடித்துக் காயவைத்து, மில்லில் கெஞ்சிக் கூத்தாடிப் பச்சரிசியாக்கினார்கள். போகிப் புகை அடங்குமுன்னே டிபன் பாக்ஸ்கள் வந்துவிட்டன. அளந்து போட்டவள் கோகிலவாணி. சம்பந்தத்துக்குப் போடும்போது, "அடுத்த வருசம் கடைல ஆணி விப்பியே, அத்த போட்டு பொங்கு" என்றாள். போட்டது என்னவோ இரண்டு பிடி. ரமாவுக்கு ஒரு பொட்டலம் தனியாகக் கட்டி வைத்தாள்.

காணும் பொங்கல் கழிந்ததும் குமரேசன் அவர்களுக்கு ஒரு மேட்டு மனையைக் காட்டினார். "தண்ணி நிக்காது சார். போர் தண்ணி கொஞ்சம் உப்பு." பழக்கம் தொற்றிக்கொண்டுவிட்டது. லக்ஷ்மிநாராயணன் அதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு அட்வான்ஸ் கொடுத்தார். தன்னோடு ஓய்வு பெற்ற நண்பர்கள் இருவரிடம் குமரேசனின் நம்பரையும் கொடுத்தார்.

அந்தக் கமிஷனில் போர்ஷன் எழும்பாது, பில்லர் எழும்பும். எழும்பிக்கொண்டிருக்கிறது. சிமெண்ட் மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்த கோகிலவாணி, புருஷனிடம் கேட்ட முதல் கேள்வி:

"வெத நெல்லுக்கு எடுத்து வச்சியா, அல்லாத்தையும் அரைச்சிட்டியா?"