பட்டாளத் திட்டின் காவல்காரர்

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில் எங்கள் ஏரிக்கு நடுவே ஒரு திட்டு இருக்கிறது. ஒரு காலத்தில் பட்டாளத்தார் அங்கே வெடிமருந்து வைத்திருந்தார்களாம். அவர்கள் போன பிறகும் முள்வேலி மட்டும் போகவில்லை. அதற்குக் காவல் என் தாய்மாமா. இருபது வருஷமாகத் திட்டுக்குப் போகிற பாலத்து முனையில் நின்று, வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் அவர் வேலை. அதை ஒரு நாளும் குறை வைக்காமல் செய்தார்.

நான் மூன்றாவது முடித்த கோடை லீவில் திட்டைப் பூங்காவாக்கினார்கள். மருந்துக் கிடங்குக்கு மஞ்சள் வண்ணம் அடித்துச் சறுக்குமரம் வைத்தார்கள். வாசலில் மாமாவையே நிறுத்தினார்கள், ஒரு வாரம் பார்ப்போம் என்று. வந்தவர்களை விரட்டினால் வேலை போய்விடும். பழக்கம் லேசில் விடுமா? அத்தை என்னை மாமா பக்கத்தில் நிறுத்தி, "அவரு வாயத் தொறந்தா சட்டையப் புடிச்சி இழுத்துக்கினே இரு பாப்பா" என்றாள்.

அப்பப்பா, எத்தனை தடவை இழுத்தேன்! ஏரித் தண்ணீர் வெயிலில் மினுமினுக்கும். பாலத்தின்மேல் ஜனங்கள் நடக்காமல் மிதந்து வருவதுபோலத் தெரியும். மாமாவின் கை தானாக உயரும். நான் இழுத்ததும் அது கும்பிடாக மாறும். எனக்கோ பெருமை பிடிபடவில்லை.

ஏழாம் நாள் சாயங்காலம், எங்கள் வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்குப் போன நிலத்துக்காரர் பேரப்பிள்ளைகளோடு வந்தார். ஊருக்குள் அவரைக் கண்டால் மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்குவார். அன்றைக்கு ஒதுங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் நில்லுங்க."

சத்தம்கூடப் போடவில்லை. நிலத்துக்காரர் நின்றுவிட்டார். நான் பதறிப்போய் இரண்டு கையாலும் இழுத்த இழுப்பில் சட்டைப் பொத்தான் தெறித்தது. மாமா என்னைக் குனிந்து பார்த்தார். பிறகு ஓரமாக ஒதுங்கி, "போங்க ஐயா" என்றார்.

வேலை நிரந்தரமாயிற்று. அத்தை எனக்குப் பால் ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம் மாமா சட்டையைத் தடவிக்கொண்டே நடந்தார். பொத்தான் போன கோபம் என்று நினைத்துக்கொண்டு, சமாதானமாக ஐஸை நீட்டினேன். அவரும் குனிந்து ஒரு கடி கடித்தார். அந்த மனுஷன் இன்னொருவரை நில் என்று சொல்ல உலகத்தில் இருந்தது அந்த ஓர் இடம்தான். அதைப் பிடுங்கியது என் கை என்று ஐஸ் தின்கிற பிள்ளைக்கு எங்கே தெரியும்?