என் குரல் ஊர் சுற்றிய கதை

மாதாப்பூர் ஐ.டி. கம்பெனியில் வேலை போய்விட்டதை என் கணவர் எனக்குச் சொல்லவில்லை. அவரோடு வேலை பார்த்தவரின் மனைவி, ஹப்சிகுடா காய்கறிக் கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சாருக்கு வேற இடம் கெடச்சிருச்சா?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அன்று காலையிலும் அவர் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு, நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சம் சாதத்தோடு மெட்ரோவுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

அவராகச் சொல்லட்டும் என்று பேசாமல் இருந்தேன். ஆனால் எனக்கும் யாரிடமாவது சொல்லி அழ வேண்டியிருந்தது. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் என் தங்கைக்குப் போன் செய்தேன். இந்த ஊரில் எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான்.

“எங்க போறாவன்னே தெரியல. எங்கயாச்சும் பார்க்குல உக்காந்துட்டு சாயங்காலம் வாராவ போல. பாத்தாலே பாவமா இருக்குடி. யார்ட்டயும் சொல்லிராத.”

“நான் யார்ட்டக்கா சொல்லப் போறேன்?” என்றாள்.

வாயால் அவள் சொல்லவில்லைதான். அவள் போனில் வருகிற பேச்செல்லாம் தானாகப் பதிவாகிவிடும். அதை அப்படியே எடுத்து எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். காலை வணக்கப் பூக்களின் தொல்லை தாங்காமல் அதைத் திறப்பதையே விட்டிருந்தேன். என் விசும்பலுக்குக் கீழே கும்பிடும் கைகளும் அழும் முகங்களும் வரிசை கட்டியிருந்தன. யாரோ அதைத் திருநெல்வேலியில் இருக்கும் என் கணவரின் அண்ணனுக்கு அனுப்ப, அவர் தம்பிக்கே அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தவர், போனை மேசையில் வைத்து ஓடவிட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நான் பேசுவது வீடு முழுக்கக் கேட்டது. உள்ளிருந்து ஓடிவந்த மகள், “அம்மா, இதி நீ வாய்ஸே கதா?” என்றாள். உன் குரல்தானே என்று தெலுங்கில் கேட்கிறாள். நான் தலையாட்டினேன்.

“பாவமா இருக்கேனோ?” என்று கேட்டார். “தெரிஞ்சிட்டுன்னா என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா.” அதற்குப் பிறகு வெகுநாள் அவர் என்னோடு சரியாகப் பேசவே இல்லை.

தங்கையைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

“அத்தானுக்கு ஒரு வேல கெடைக்கட்டும்னுதான போட்டேன்? நான் டைப் பண்ணிப் போட்டா யாருக்கா படிக்கா? நீ அழுததக் கேட்டுத்தான் எல்லாரும் பதில் போட்டாவ.”

அந்தப் பதில்களில் ஒன்றும் வேலையாக மாறவில்லை. அவரேதான் அலைந்து திரிந்து வேறொரு கம்பெனியில் சேர்ந்தார். தங்கை இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறாள். சாப்பிட்டாயிற்று, இங்கே மழை, பிள்ளைக்குப் பரீட்சை. ஊருக்கே கேட்டாலும் பாதகமில்லாத பேச்சாகப் பார்த்துப் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன்.

போன மாதம் ஊரில் ஒரு கல்யாணம். பந்தியில் நான் ரசம் கேட்டதும், பக்கத்து இலையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா திரும்பிப் பார்த்தாள்.

“நீதான அந்த அழுத பிள்ள? குரலக் கேட்டதுமே கண்டுபிடிச்சிட்டேன் பாத்தியா!”

என் கணவர் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போனார்.