வயசுக்கு வராத சிப்பி

சட்டையிலிருந்து பொத்தான் அறுந்து விழுந்தால் இப்போதும் எனக்கு அப்படியே விட்டுவிட்டுப் போக மனசு வராது. இன்றைய பொத்தான்கள் பிளாஸ்டிக்தான் என்று தெரிந்தும், குனிந்து எடுத்துப் புரட்டிப் பார்ப்பேன். அறுபதுகளில், போர்ட் பிளேரில், நாங்கள் சாப்பிட்ட சோறு பொத்தானிலிருந்து வந்தது. என் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவள் புருஷன், என் மச்சான், கீழக்கரையிலிருந்து வந்தவர். பவளப்பாறைகளில் முங்கி, பம்பரம் போலிருக்கும் ட்ரோக்கஸ் சிப்பிகளை எடுப்பது அவர் தொழில். கான்ட்ராக்டர் அவற்றைச் சாக்கில் கட்டி மெயின்லேண்டுக்கு அனுப்புவார். அங்கே அவை யார் யார் சட்டைக்கோ பொத்தானாகும்.

மச்சானுக்கு ஒரு பிடிவாதம். உள்ளங்கையை நிறைக்காத சிப்பியைத் தொட மாட்டார். "இது இன்னும் வயசுக்கு வரல," என்று எங்களைச் சிரிக்க வைப்பார். கான்ட்ராக்டருக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. "சோட்டா, படா, சப் சலேகா," என்று சின்னது பெரியது பாராமல் எடைபோட்டு வாங்கினார். கரையோரத்தில் பெரியவை தீர்ந்து குட்டிகள் மட்டும் மிஞ்சின. மச்சான் மாதத்துக்கு மாதம் இன்னும் ஆழத்துக்குப் போனார். அவர் தோணி திரும்பும்வரை ராத்தா உலையில் அரிசி போட மாட்டாள். ஆள் முதலில் வந்து சேரட்டும் என்பாள்.

ஒருநாள் மூக்கில் ரத்தத்தோடு வந்தார். ராத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மவுத்தாப் போனா நான் எங்கிட்டுப் போவேன்? கரையோரம் கெடக்குற குட்டிகளையே எடுங்களேன்."

"அது வளந்தாத்தானே அடுத்த வருசம் நமக்குச் சோறு?"

"அடுத்த வருசத்துக்கு நீங்க இருக்கணும்ல?"

மச்சான் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நானும் ராத்தா பக்கம்தான். இன்று கேட்டாலும் அந்தப் பக்கம்தான் நிற்பேன். கடலுக்காக வாதாட வேறு ஆளைப் பாருங்கள்.

அந்தப் பருவம் முழுக்க அவர் இடுப்பளவுத் தண்ணீரில் குட்டிகளைப் பொறுக்கினார். ராத்தா நேரத்துக்கு உலை வைத்தாள். சாக்குகள் நிறைய நிறைய, கரையோரத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று நான்தான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

அடுத்த பருவத்தில் கரையோரப் பாறைகள் கழுவிவிட்ட தட்டாகக் கிடந்தன. இருந்த கொஞ்சமும் முன்னைவிட ஆழத்தில் இருந்தது. வேறு வழியில்லாமல் மச்சான் அங்கே முங்கினார்.

தோணிக்காரர்கள் அவரைத் தாங்கிக் கொண்டுவந்து மணலில் உட்கார வைத்தார்கள். இரண்டு காதிலும் ரத்தம்.

"இன்னும் கொஞ்சம் கீழ போனா நெறயக் கெடக்கு," என்றார், தேவையில்லாமல் உரத்த குரலில்.

"வேணாங்க, போகாதீங்க!" ராத்தா அவர் முகத்தருகே கத்தினாள்.

அவர் அவளைப் பார்த்துச் சிரித்து, சரி என்று தலையாட்டினார்.

"நாளைக்கே போறேன்," என்றார்.